ரோதமுனிக்குச் சொல்ல ஒரு பெயர்

பாடசாலை மண்டபம்,
பனிச்சமலைத் தோட்டம், மேற்பிரிவு,
பொகவந்தலாவை.
08.07.2024

அன்பும் பாசமும் உள்ள மருமகன் வினோஜனுக்கு,

உன் அத்தை நாகலெட்சுமி எழுதிக்கொண்டது. நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். என் சுகத்தைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. தின்கிறேன், படுக்கிறேன், விடிந்தால் கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போகிறேன். லயத்து வீடுகள் போன பிறகு எங்களையெல்லாம் பள்ளிக்கூட மண்டபத்தில் வைத்திருக்கிறார்கள். சேலையைக் கட்டி மறைத்து ஆளுக்கு ஒரு மூலை.

கருமாதி முடிந்து நீ கொழும்புக்கு பஸ் ஏறியதிலிருந்து எனக்குப் போன் எடுத்துப் பார்த்தாயாம். பத்திநாதன் மாஸ்டர் சொன்னார். என் போனை அணைத்து அவர் மேசை லாச்சியில் போட்டுவிட்டேன். இனி அந்தச் சனியனைத் தொட மாட்டேன். அதனால்தான் கடுதாசி. நீயும் கடுதாசியே எழுது. தோட்டத்து ஆபீசுக்கு வரும், எடுத்துக்கொள்வேன்.

எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். மிச்சத்தை என் மகள் ஜெயந்தினிதான் சொல்லிக்கொடுத்தாள். பிள்ளைக் காம்பராவில் சின்னதுகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்து, அதே மாதிரி என்னையும் உட்கார வைப்பாள். போனில் என்ன வந்தாலும் நான்தான் எழுத்துக்கூட்டி வாசிக்க வேண்டும். தப்பினால் தலையில் குட்டுவாள்.

உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் ஒருமுறை என் வாயால் கேள். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. மழை விடவே இல்லை. பகலிலேயே காம்பரா இருட்டு, கரண்டும் இல்லை. ரொட்டி சுட்டுத் தின்றுவிட்டு உட்கார்ந்திருந்தோம். என் போன் கத்தியது. எடுத்து வாசித்தேன். ‘மண சரயம ஆபதத உடன வளயறவம’ என்று இருந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பெரிய படிப்பு படித்தவர்கள் எழுதுகிற தமிழ் போல, நம்முடைய புத்திக்கு எட்டவில்லை என்று எனக்கு வெட்கமாகிவிட்டது. மகளிடம் காட்டினேன். அவள் வாசித்துவிட்டு ஒன்று சொன்னாள், சொல்லிச் சிரித்தாள். அது என்னவென்று இப்போது எழுத மனசு வரவில்லை. பக்கத்துக் காம்பராக்காரர்களுக்கும் அதே செய்திதான் வந்தது. ‘கவுருமென்ட் தமிழ் என்னைக்குக்கா ஒழுங்கா வந்திருக்கு’ என்று அவர்களும் சிரித்தார்கள். பஸ்ஸில், தபால் கந்தோரில், நமக்கென்று எழுதி மாட்டுகிற போர்டு எது நேராக இருக்கிறது? பழகிப்போய்விட்டது.

மெழுகுதிரி வாங்க சுனில் முதலாளி கடைக்கு இறங்கினேன். கடை பூட்டிக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்தை விட்டுவிட்டு எங்கே போய்த் தொலைந்தான் மனுஷன் என்று திட்டிக்கொண்டே ஏறி வந்தேன். வளைவு திரும்பினேன். லயம் இல்லை. மண்தான் இருந்தது.

சாவு வீட்டுக்கு அந்த முதலாளி வந்து என் காலடியில் உட்கார்ந்து அழுதார். நீயும் பக்கத்தில் இருந்தாய். “அக்கா, எங்களுக்கு சிங்களத்துல நல்லா வந்தது. மலை வருது, ஓடுங்க சொல்லி. உங்களுக்கும் வந்துதானே இருக்கும்னு நினைச்சுத்தான் நாங்க போனது” என்றார். அப்போதுதான் எனக்குத் தெரியும், அது எங்களுக்கு வந்த எச்சரிக்கை என்று.

இப்போது நான் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். உன்னுடைய கம்பெனியும் போனுக்குச் செய்தி அனுப்புகிற கம்பெனிதான் என்று சொல்லியிருக்கிறாய். அந்தத் தமிழ் யார் கை பட்டு அப்படி ஆனது என்று விசாரித்து, அந்த ஆளுடைய பெயரை எனக்கு எழுது. வேறு ஒன்றும் வேண்டாம்.

ஆடி கடைசி வெள்ளி ஃபேக்டரியில் ரோதமுனிக்குப் பூசை. மிஷின் ரோதைக்கெல்லாம் காவல் இருக்கிற சாமி அவர். மிஷினால் வந்த கேட்டை அவரிடம்தான் போய்ச் சொல்ல வேண்டும். மிளகாய் அரைத்து வைத்துச் சொல்லப் போகிறேன். பெயர் இல்லாமல் அரைத்தால் காரம் அரைத்தவள் மேலேயே திரும்பும் என்பார்கள். அதனால் பெயர் வேண்டும்.

மழையில் நனையாதே. உனக்குச் சளி பிடித்தால் லேசில் விடாது.

இப்படிக்கு
அன்பு அத்தை
நாகலெட்சுமி


வெள்ளவத்தை,
கொழும்பு 06.
15.07.2024

அன்புள்ள அத்தைக்கு,

வினோஜன் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் கடிதத்தை வாசித்து முடிக்க எனக்கு வெகுநேரம் ஆனது. நீங்கள் இவ்வளவு அழகாக எழுதுவீர்கள் என்று எனக்குத் தெரியாது. ஜெயந்தினி சொல்லியிருந்தாள், நான்தான் நம்பவில்லை.

நீங்கள் கேட்டதை விசாரித்தேன். அந்தச் செய்தி எங்கள் கம்பெனி செய்துகொடுத்த புரோகிராம் வழியாகத்தான் போயிருக்கிறது. இதை உங்களுக்கு மறைக்க நான் விரும்பவில்லை. என்ன நடந்தது என்று எளிதாகச் சொல்கிறேன்.

செய்தி எழுதுகிறவர்கள் அதற்குள் தேவையில்லாத அடையாளங்களையெல்லாம் போட்டுவிடுவார்கள். மேற்கோள் குறி, நட்சத்திரம், சிரிக்கிற முகம், இப்படி. சில பழைய போன்களில் அவை போனால் செய்தியே திறக்காது. அதனால் எழுத்து அல்லாத எல்லாவற்றையும் எடுத்துவிடு என்று புரோகிராமில் ஒரு வரி எழுதுவது வழக்கம். கொழுந்தில் குச்சியும் முத்தல் இலையும் பொறுக்கி எறிவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதில் ஒரு சிக்கல். தமிழில் புள்ளி, கால், கொம்பு, கொக்கி இவையெல்லாம் தனியாக எழுத்து இல்லை, எழுத்தோடு ஒட்டிக்கொள்கிறவை. அந்த வரி அவற்றை எழுத்தாகக் கணக்கில் எடுக்காது. குச்சி என்று நினைத்து எல்லாவற்றையும் பொறுக்கிவிடும். சிங்களத்துக்கும் அப்படித்தான் ஆனது. அதை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து, இவற்றை விட்டுவிடு என்று தனியாக இன்னொரு வரி சேர்த்தார்கள். தமிழுக்கு அது விடுபட்டுப் போய்விட்டது.

இதில் ஒருவருடைய கை என்று காட்ட முடியாது அத்தை. பல பேர் வேலை செய்கிற இடம். கணினி, சொன்னதைச் செய்தது. அவ்வளவுதான். யாரையும் சபித்து உங்கள் மனதை இன்னும் புண்ணாக்கிக்கொள்ள வேண்டாம்.

ஜெயந்தினியின் படம் ஒன்று என் போனில் இருக்கிறது. வருஷப் பிறப்புக்கு நான் வந்தபோது எடுத்தது. பெரிதாக்கிச் சட்டம் போட்டு அனுப்பட்டுமா?

அன்புடன்
உங்கள் மருமகன்
வினோஜன்


பாடசாலை மண்டபம், பனிச்சமலை.
22.07.2024

மருமகன் வினோஜனுக்கு,

அத்தை எழுதியது. உன் கடுதாசி கிடைத்தது. கம்பெனி பெயர் அச்சடித்த கவரில் வந்ததால் ஆபீஸ் கிளாக்கர் ஐயா எழுந்து நின்று கொடுத்தார். நஷ்டஈடு என்று நினைத்துவிட்டார் போல.

நீ விளக்கமாக எழுதியிருந்தாய். எனக்கு விளங்கியது. விளங்காத இடத்தில் மாஸ்டரிடம் கேட்டேன். நல்ல மனுஷன், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுப் பூசைக்குப் போகிற உடுப்போடு நின்றுகொண்டே சொல்லிக்கொடுத்தார். அவர் தன்னுடைய போனை எடுத்து, ‘மண் சரியும் ஆபத்து, உடனே வெளியேறவும்’ என்று எழுதி, புள்ளியும் கொம்பும் காலும் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். கடைசியில் அன்றைக்கு வந்தது அப்படியே நின்றது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குக் கலங்கவில்லை.

கணினி சொன்னதைச் செய்தது என்கிறாய். அப்படியானால் சொன்னது யார்?

குச்சி பொறுக்குவது போல என்றும் எழுதியிருக்கிறாய். கூடையில் குச்சி கிடந்தால் கங்காணி கூடையைத் திட்டுவதில்லை வினோஜன். பேரைச் சொல்லித்தான் திட்டுகிறான். எங்கள் கூடைக்கெல்லாம் பேர் இருக்கிறது. உங்கள் கம்பெனியில் மட்டும் பேரில்லாமல் வேலை நடக்கிறதா?

இங்கே தினமும் யாராவது வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். வீடு வரும் என்கிறார்கள். போட்டோ எடுக்கிறார்கள். ஒரு நோனா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள், இயற்கை என்று சிங்களத்தில் சொன்னாள். இயற்கை என்னைத் தேடி வந்து போனில் சொல்லிவிட்டுத்தான் வந்தது, அதன் வாயை நீங்கள்தான் கட்டினீர்கள் என்று சொல்ல வந்தேன். தமிழ் தெரியாத பொம்பிளை. விட்டுவிட்டேன்.

தை பிறந்தால் உங்கள் இரண்டு பேருக்கும் பத்திரிகை அடிக்க இருந்தோம். உன் அப்பன், என் தம்பி பொன்னையா இல்லை. உன் ஆத்தாளும் இல்லை. பெண் வீட்டுப் பெரியவர் என்று போடுகிற இடத்திலும் என் பெயர், மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் என்கிற இடத்திலும் என் பெயர் என்று ஜெயந்தினி கேலி பண்ணுவாள். “அப்ப சீர் யாரு யாருக்கும்மா செய்யிறது, இந்தக் கையில இருந்து அந்தக் கைக்கா?” என்பாள். அந்த இரண்டு கையும் இப்போது சும்மாதான் கிடக்கின்றன. மிளகாய் அரைக்கத் தோதாக.

படம் வேண்டாம். முகம் எனக்கு மறக்கவில்லை. பெயர் அனுப்பு.

அத்தை
நாகலெட்சுமி


கொழும்பு 06.
30.07.2024

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் இப்படி எழுதும்போது என்னால் வேலை செய்ய முடியவில்லை. இரவில் தூக்கமும் இல்லை. அலுவலகத்தில் விசாரணை நடக்கிறது. எல்லோரையும் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். இந்த நேரத்தில் நான் எதையும் எழுத்தில் வைப்பது சரியில்லை. ஆனாலும் நீங்கள் விடாமல் கேட்கிறீர்கள். எனக்கு உங்களை விட்டால் யாரும் இல்லை. உங்கள் மனம் ஆறுமென்றால் சொல்லிவிடுகிறேன்.

கஜதீபன் என்று ஒருவன். யாழ்ப்பாணத்து ஆள். எழுத்துகளைச் சுத்தம் செய்யும் அந்தப் பகுதி அவனுடைய பொறுப்பில்தான் இருந்தது. சிங்களத்தைத் திருத்தியவனும் அவன்தான். தமிழைக் கவனிக்காமல் விட்டுவிட்டான். தோட்டத்து ஆட்கள் என்றால் அவனுக்கு எப்போதும் ஓர் இளக்காரம். நான் பேசினால், ‘உங்கட தமிழ்’ என்று சிரிப்பான். உங்களுக்கே தெரியும், அவர்கள் நம்மை எப்படிப் பார்ப்பார்கள் என்று.

நான் சொன்னதாக யாரிடமும் சொல்ல வேண்டாம். கடிதத்தை வாசித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

பூசை முடிந்தால் உங்களுக்குக் கொஞ்சம் நிம்மதி வரும். தீபாவளிக்கு வருகிறேன். உங்களைக் கொழும்புக்கே கூட்டிவந்துவிடலாம் என்று யோசிக்கிறேன்.

அன்புடன்
வினோஜன்


பாடசாலை மண்டபம், பனிச்சமலை.
04.08.2024

வினோஜனுக்கு,

கடுதாசி வந்தது. முந்தானையில் முடிந்து வைத்திருந்தேன். கொழுந்துக்குப் போனபோதும் கூடவே வந்தது. அடுப்பில் போடவில்லை.

கஜதீபன். நல்ல பெயர். அவனுக்கும் ஒரு தாய் இருப்பாள். எங்கோ ஒரு தோட்டத்தில் முகம் தெரியாத ஒருத்தி தன்னுடைய பிள்ளை பெயரைச் சொல்லி மிளகாய் அரைக்க உட்கார்ந்திருக்கிறாள் என்று அந்தத் தாய்க்குத் தெரியாது. நீதான் என்னை உட்கார வைத்தாய். யாழ்ப்பாணத்து ஆள் என்று சொன்னால் அத்தை மேலே கேட்க மாட்டாள் என்று பார்த்துப் பொறுக்கியிருக்கிறாய். அந்த யோசனை நன்றாகத்தான் வேலை செய்திருக்கிறது உனக்கு.

இப்போது ஜெயந்தினி சொன்னதை எழுதுகிறேன்.

வருஷப் பிறப்புக்கு வந்து நீ திரும்பிப் போன கிழமை அவளுடைய போனுக்கு ஒரு செய்தி அனுப்பினாய். வாசிக்க முடிகிறதா பார் என்று கேட்டிருந்தாய். அது இதே செய்தி. அவள் அதைத் தூக்கிக்கொண்டு காம்பரா காம்பராவாகப் போய், பல் போன கிழவி மாதிரி வாயை வைத்துக்கொண்டு வாசித்துக் காட்டினாள். லயமே உருண்டு சிரித்தது. உனக்குப் பதில் போடும்போதும் சத்தமாகச் சொல்லிச் சொல்லித்தான் எழுதினாள். “அத்தான், உங்க கம்பெனித் தமிழுக்குக் கையும் இல்ல, காலும் இல்ல. சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.” பக்கத்தில் நான் மாவு பிசைந்துகொண்டு இருந்தேன். என் காதால் கேட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் போனை வாங்கிப் பார்த்தவள் என்ன சொன்னாள் தெரியுமா? “இது அத்தான் வேலைம்மா. திரும்பவும் பரீட்சை பண்றாரு. அதே பொக்கவாய்த் தமிழு. நீங்க பயப்படாம போயி மெழுகுதிரி வாங்கிட்டு வாங்க.”

சொல்லிவிட்டுத்தான் சிரித்தாள். நானும் சிரித்துக்கொண்டுதான் இறங்கினேன். அவள் ஏன் பயப்பட வேண்டும்? கட்டிக்கொள்ளப் போகிற மனுஷன் அனுப்பியது என்று நினைத்தாள்.

அவளுடைய போன் மண்ணுக்குள் போய்விட்டது, அந்தப் பதிலும் அதோடு போய்விட்டது என்று நினைத்திருப்பாய். போன் போனது. என் காது இருக்கிறது.

ஆக, முதல் கடுதாசி எழுதும்போதே எனக்குத் தெரியும். சாவு வீட்டில் சுனில் முதலாளி வாயைத் திறந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. அப்போது உன் முகத்தைப் பார்த்தேன். நீ குனிந்துகொண்டாய். பெட்டியைத் தூக்கும்போது முன்னால் நின்று தோள் கொடுத்தாய். இப்போது சொல்வான் என்று உன் வாயையே பார்த்துக்கொண்டு பின்னால் வந்தேன். கருமாதியில் பார்த்தேன். பஸ் ஏறும்போது பார்த்தேன். சன்னல் கண்ணாடியை இழுத்து மூடினாய்.

தெரிந்துகொண்டு ஏன் பெயர் கேட்டீர்கள் என்று கேட்பாய். நீயாகச் சொல்லியிருந்தால் நான் உன்னை அடித்திருப்பேன். காறித் துப்பியிருப்பேன். எல்லாம் செய்து முடித்து, கடைசியில் ஒரு வாய் சோறும் போட்டிருப்பேன். அத்தைதானே. அதற்கு ஒரு வழி வைத்துத்தான் கேட்டேன். முதல் கடுதாசியில் கதவு முழுக்கத் திறந்திருந்தது. நீ மிஷினைக் கைகாட்டினாய். பாதிக் கதவைச் சாத்திக்கொண்டு மறுபடி கேட்டேன். நீ கஜதீபனைக் கைகாட்டினாய்.

புள்ளி விட்டுப்போனது கைதவறு என்றால், அதை ரோதமுனி பார்த்துக்கொள்ளட்டும். பிறத்தியார் பிள்ளையை அம்மிக்கல்லில் தூக்கி வைத்தாயே, அது கை தவறி நடந்தது இல்லை.

பதினாறாம் தேதி ஆடி கடைசி வெள்ளி. ஃபேக்டரிக்கு வா. எல்லாரும் இருப்பார்கள், பிள்ளை போனவர்கள், புருஷன் போனவர்கள். அவர்கள் முன்னால் நின்று, ஜெயந்தினி உனக்கு என்ன பதில் போட்டாள் என்று நீயே சொல். உன் பெயரையும் நீயே சொல். நீ வராவிட்டால் நான் சொல்வேன். மிளகாய் காய்கிறது.

இந்தக் கடுதாசியில் ஒரு புள்ளி விடாமல் எல்லாம் வைத்திருக்கிறேன். சரிபார்த்துக்கொள்.

நாகலெட்சுமி


கொழும்பு 06.
09.08.2024

அத்தை,

உங்களுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. அல்லது தெரிந்திருந்தும் தெரியாதது போல இருந்தேன். இனிமேல் பொய் எழுதப் போவதில்லை.

அந்த வரியை எழுதியவன் நான். ஜெயந்தினிக்கு அந்தப் பரீட்சைச் செய்தியை அனுப்பியதும் நான். அவளுடைய பதிலைப் பார்த்துச் சிரித்தேன். தமிழ் எழுத்துகளுக்கும் தனியாக ஒரு வரி சேர்த்தால் போதும், சின்ன வேலை, காலையில் செய்யலாம் என்று வைத்தேன்.

காலையில் மேலதிகாரி எல்லோரையும் உட்கார வைத்துக் கேட்டார், தமிழ் சரியா என்று. அப்போது கஜதீபன் சொன்னான், “நான் ஒருக்காப் பார்க்கட்டே?” என்று. சிங்களத்தில் வந்த பிழையைக் கண்டுபிடித்தவன் அவன்தான். அதற்கு எல்லோரும் அவனைப் பாராட்டினார்கள். தமிழிலும் என் பிழையை அவன் கண்டுபிடித்தான் என்று ஆகிவிடும் என்று எனக்குக் கோபம் வந்தது. “தேவையில்லை, நான் பார்த்திட்டேன், எல்லாம் சரி” என்று சொன்னேன். சாயந்தரம் திருத்தினால் யாருக்கும் தெரியாது என்று இருந்தேன். சாயந்தரம் வேறு வேலை வந்தது. பிறகு மறந்தே போனேன். சத்தியமாக மறந்துதான் போனேன் அத்தை.

அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான் என்று எழுதியதும் பொய். அவன் யாரையும் பார்த்துச் சிரிக்கிற ஆள் இல்லை. விசாரணையில்கூட அவன் என் பெயரைச் சொல்லவில்லை. நானாகச் சொல்வேன் என்று காத்திருக்கிறான் போல. நீங்கள் காத்திருந்த மாதிரியே.

சாவு வீட்டில் சொல்ல வந்தேன். உங்கள் கை என் கையில் இருந்தது. அதை நீங்கள் இழுத்துக்கொள்வீர்களோ என்ற பயத்தில் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை வருகிறேன். ஹட்டனுக்கு ரயிலில் வந்து முதல் பஸ்ஸைப் பிடித்தால் பூசைக்கு முன்னால் வந்துவிடலாம். எல்லோர் முன்னாலும் நானே சொல்கிறேன். நான் வரும் வரை என் பெயரைக் கல்லுக்கு முன்னால் சொல்லிவிடாதீர்கள் அத்தை. எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்கள்
வினோஜன்


பாடசாலை மண்டபம், பனிச்சமலை.
19.08.2024

வெள்ளிக்கிழமை பூசை நடந்தது. மழை இல்லை.

நீ வருவாய் என்று நான் யாரிடமாவது சொல்லி வைத்திருந்தேன் என்று நினைக்காதே. சொல்லவில்லை. வந்து நிற்கட்டும், அவனே சொல்லட்டும் என்று இருந்தேன். காலையில் பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் ரோட்டைப் பார்த்தேன். பூசாரி அழகன் இரண்டு தரம் கேட்டான், “ஆரம்பிக்கலாமாக்கா, தோட்டத் துரை ரோதையை ஓட்டச் சொல்றாரு” என்று. கொஞ்சம் பொறு, கொஞ்சம் பொறு என்று சொன்னேன். அதற்கு மேல் பொறுக்கச் சொல்ல எனக்கே வாய் வரவில்லை.

மறுநாள் சுனில் முதலாளி கடைக்குப் போனேன். அவர் தெரியாமல் கேட்டார். “உங்க மருமகன் பூசைக்கு வந்தது தானே அக்கா? இங்க பிளேன்டீ குடிச்சது. மேல பார்த்துக்கிட்டே நின்னது. டீ ஆறிப்போச்சு சொன்னதும், காசை வச்சிட்டு ஹட்டன் பஸ்ல ஏறினது.”

அவர் கடை வாசலில் நின்று மேலே பார்த்தால் என்ன தெரியும் என்று எனக்குத் தெரியும். பச்சைக்கு நடுவே அந்தச் சிவப்பு மண். அதைப் பார்த்தாயாக்கும். அதுவரை வந்தாய், அதற்கு மேல் வரவில்லை. ஜெயந்தினியும் அந்த மண்ணைத் தாண்டி வரவில்லை.

பூசையில் நடந்ததைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். அரைத்த மிளகாயை வாழையிலையில் வைத்துக்கொண்டு சாமிக்கு முன்னால் போனேன். ரோதையை ஓட விட்டுவிட்டார்கள். அழகன் என் காதுக்குக் கிட்டே வந்து, “யாரு பேருலக்கா?” என்றான்.

அப்போது எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. நீ பிறந்து முப்பதாம் நாள் உன்னைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார்கள். பெயர் வைக்கிறது அத்தைதானே. ரேடியோவில் பிறந்தநாள் வாழ்த்துக் கேட்டு, எந்தப் பிள்ளைக்கோ சொன்ன பெயரைப் பிடித்துப்போய் மனசில் வைத்திருந்தேன். உன் காதில் மூன்று தரம் சொன்னேன். மூன்றாவது தரம் நீ கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய். உன் அப்பன் பொன்னையா, “அக்கா குடுத்த பேரு, பெரிய ஆளா வருவான்” என்றான்.

என் கையால் கொடுத்ததுதானே. அதை ரோதமுனிக்கு முன்னால் மூன்று தரம் திருப்பிச் சொல்லி, நானே எடுத்துக்கொண்டேன். மிஷின் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை. “என்னக்கா பேரு, கேக்கலையே” என்றான் அழகன். “பேரு ஒண்ணும் இல்ல” என்றேன். இனி ஊரில் யார் எப்படிக் கூப்பிட்டாலும், எனக்கு நீ பெயரில்லாத ஆள். இந்தக் கடுதாசியின் தலையில் ஒன்றும் இல்லாதது அதனால்தான். கவரில் தபால்காரருக்காக எழுதியிருப்பது மாஸ்டரின் கை.

இன்னொன்று. கஜதீபனைப் பற்றி நீ எழுதிய கடுதாசியைச் சனிக்கிழமை அவன் பெயருக்கே தபாலில் சேர்த்துவிட்டேன். உன் கையெழுத்தோடு, அப்படியே. உங்கள் கம்பெனி விலாசம்தான் உன் கவரில் அச்சடித்திருந்ததே, அதைப் பார்த்து நானே எழுதினேன். உன் கடைசிக் கடுதாசியையும் கூட வைத்தேன். அவன் வாசிக்கட்டும். வாசித்துவிட்டு என்ன செய்வானோ, அது அவன் பாடு. அவன் பெயரை நான் சாமிக்கு முன்னால் சொல்லவில்லை என்று மட்டும் ஒரு துண்டில் எழுதி வைத்தேன்.

அரைத்த மிளகாய் என்ன ஆனது என்று யோசிப்பாய். அதையும் எழுதினேன். ஒளிக்காமல் எழுதினேன். மேலே இருக்கிற பக்கத்தில், அழகன் பேர் கேட்டதற்கும் ரேடியோவுக்கும் நடுவே. பிறகு பிளேடை எடுத்து அந்த வரிகளை மட்டும் அறுத்து எடுத்துவிட்டேன். பேப்பரில் ஓட்டை இருக்கிறதே, அது எலி கடித்தது இல்லை. உனக்கு நல்லது எழுதியிருந்தாலும் அதற்குள்தான் இருந்தது. கெட்டது எழுதியிருந்தாலும் அதற்குள்தான் இருந்தது. இனி ராத்திரி நெஞ்சு அடைத்தால், வேலையில் ஒன்று தவறினால், கேட்டுப் போன பெண் தட்டிப்போனால், இந்தப் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு பார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்.

மிச்சத்தை வைத்து எழுத்துக்கூட்டி வாசி. விளங்காவிட்டால் நம்முடைய படிப்பு அவ்வளவுதான் என்று நினைத்துக்கொள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஜெயந்தினியின் அம்மா